மேகசின் (சொல் வரலாறு)

மேகசின் என்றால் நமக்கு வார, மாத இதழ். அந்தச் சொல் பிறந்தபோது அதற்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. ‘சேமித்து வைத்தல்’ என்ற பொருள்தரும் அரபு வேரிலிருந்து ‘மக்ஸன்’, அதாவது கிடங்கு, என்ற சொல் உண்டானது. அதன் பன்மை ‘மகாஸின்’. மொராக்கோவில் அரசாங்கத்தையே இன்றும் மக்ஸன் என்கிறார்கள்.

இடைக்காலத்தில் மத்தியதரைக் கடல் வணிகத்தோடு இச்சொல் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. இத்தாலியில் ‘மகாட்சினோ’ இன்றைக்கும் சரக்குக் கிடங்குதான். அரபியரோடு நூற்றாண்டுக் கணக்கில் கலந்து வாழ்ந்த ஸ்பானியர், ‘அல்’ என்ற அரபு முன்னொட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு ‘அல்மசேன்’ என்றார்கள். அர்ஜென்டினாவில் அது மளிகைக் கடையையும் குறிக்கும். போர்ச்சுகீசியத்தில் ‘அர்மசேம்’.

பிரெஞ்சில் ‘மகசேன்’ கிடங்கிலிருந்து கடையாக மாறியது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் எழுந்த போன் மார்ஷே போன்ற பேரங்காடிகளுக்குப் ‘பெரிய மகசேன்கள்’ என்றே பெயர். ரஷ்ய மொழியிலும் ருமேனிய மொழியிலும் ‘மகஸின்’ என்றால் கடைதான். இதழ் கேட்டுப் போகிறவருக்கு அங்கே ரொட்டியும் பாலும் கிடைக்கும்.

ஆங்கிலேயர் 16-ஆம் நூற்றாண்டில் இச்சொல்லைப் பெற்றபோது அது பண்டகசாலையையும் வெடிமருந்துக் கிடங்கையும் குறித்தது. துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டிக்கு மேகசின் என்று பெயர் வந்தது இந்த வழியில்தான். அடுத்த நூற்றாண்டில், ஒரு துறையின் செய்திகளைத் திரட்டித் தரும் நூல்களுக்கும் இப்பெயரைச் சூட்டத் தொடங்கினர்.

இதழ் என்ற பொருளை நிலைநாட்டியவர் எட்வர்ட் கேவ் என்ற அச்சகத்தார். லண்டன் கிளார்க்கன்வெல் பகுதியில், செயின்ட் ஜான்ஸ் கேட் என்னும் பழைய மடாலய வாயிலில் அவருடைய அச்சகம் இருந்தது. 1731 ஜனவரியில் ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ இதழை அங்கே தொடங்கினார். நகரத்துச் செய்தித்தாள்களில் சிதறிக் கிடந்த கட்டுரைகளை மாதந்தோறும் சுருக்கித் தொகுத்துத் தருவதுதான் திட்டம். கிடங்கு என்ற பெயர் அதற்கு அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது. முகப்பில் அந்த வாயிலின் படத்தையே அச்சிட்டார். அவரிடம் வேலை பார்த்த சாமுவேல் ஜான்சன், 1755-இல் வெளியிட்ட தம் அகராதியில் இச்சொல்லின் புதிய பொருளைப் பதிவு செய்தபோது, அது இந்த இதழால் வந்தது என்று கேவின் பெயரோடு குறிப்பிட்டார். ஒரு சொல்லின் பொருள்மாற்றத்துக்கு இவ்வளவு தெளிவான சாட்சி அபூர்வம்.

புதிய பொருள் ஐரோப்பாவுக்குத் திரும்பிச் சென்றது. 1833-இல் பாரிஸில் ‘மகசேன் பித்தொரெஸ்க்’, லைப்சிக்கில் ‘ஃபென்னிக் மகட்சின்’ என்ற படக்கட்டுரை இதழ்கள் தோன்றின. பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் கடைக்கு ‘மகசேன்’, இதழுக்கு ‘மகசீன்’ என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டனர். ஜெர்மனில் ஒரே ‘மகட்சின்’ கிடங்குக்கும் இதழுக்கும் ஆகிவருகிறது. நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிவைக்கும் உள்ளறைக்கும் அதுவே பெயர்.

தமிழுக்கு ஆங்கிலத்தின் வழியாக மேகசின் வந்தது. அதே அரபு வேரில் பிறந்த இன்னொரு சொல் பாரசீகம், உருது வழியாக அதற்கு முன்பே வந்து, அரசுக் கருவூலத்தைக் குறிக்கும் ‘கஜானா’ ஆகிவிட்டிருந்தது.