பேரூர்த் தெருவில் புறக்கடைக் கோழி: செஞ்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டைக்குக் கிழக்கே இருப்பது நெல்லும் மணிலாவும் விலைபோகும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தையும், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையையும் கொண்ட செஞ்சிப் பேரூராட்சி. இங்குக் கொல்லைகள் சுருங்கிவிட்டன. வீட்டுச் சுவரோடு அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. ஆனாலும் கோழி வளர்க்கும் விருப்பம் குறையவில்லை.

இத்தகைய ஊரில் ஒரு வீட்டுக்கு எத்தனை கோழி பொருந்தும், அவற்றை எப்படி வளர்ப்பது என்பதே ஆய்வுப் பொருள். கோழி வளர்ப்பின் அளவையும் முறையையும் தீர்மானிக்கும் அலகு தனி வீடு அன்று, தெரு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. வரலாற்றுப் பின்புலம்

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவல் உருவம் பொறித்த நடுகல் ஒன்று உள்ளது. எழுத்தமைதி கொண்டு ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கணிக்கப்படும் அக்கல், சண்டையிட்ட சேவலை மேற்சேரிக்கு உரியதாகவே குறிக்கிறது. ஒரு சேவல் தன் சேரியின் பெயரால் நினைக்கப்பட்டது என்பது நமக்கு முக்கியமான சான்று. கோழியை ஒரு குடும்பத்தின் உடைமையாக மட்டும் அன்றி, குடியிருப்பின் உயிராகவும் கண்ட மரபு இந்த மண்ணில் இருந்திருக்கிறது. சேவற்சண்டை இன்று 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அந்த மரபில் நாம் கைக்கொள்ள வேண்டியது தெருவுக்குரிய பொறுப்பை மட்டுமே.

கோழி இந்த ஊரின் வெப்பத்துக்கும் அந்நியமானதன்று. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழி. எனினும் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

2. இனமும் எண்ணிக்கையும்

2.1 இனம். நாட்டுக்கோழி ஐந்தாறு மாதத்தில் முட்டைக்கு வரும். ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடுகளில் அறுபது முட்டையளவு இடும். அடைகாக்கும், குஞ்சைக் காக்கும், பருந்தின் நிழலுக்கே குரல் கொடுக்கும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி போன்றவை கூடுதலாக முட்டையிடும். ஆனால் முட்டைப் பெருக்கத்துக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட இனங்களில் அடைக்குணம் குறைந்துபோகிறது. குஞ்சு பொரித்துத் தானே பெருகும் சிறு கூட்டம் வேண்டுவோருக்கு நாட்டுக்கோழியே ஏற்றது.

2.2 பெட்டைகள். ஆறு பெட்டைகள் ஆண்டுக்கு 360 முட்டை தரும், வாரத்துக்கு ஏழு. ஒரு சிறு குடும்பத்துக்கு இது போதிய துணை. இதற்கு மேல் சேர்த்தால் மிஞ்சும் முட்டையை விட மிஞ்சும் எச்சமே அதிகம். ஆகவே ஐந்து அல்லது ஆறு பெட்டைகளே நெருக்கமான தெருவில் ஒரு வீட்டுக்கு உச்ச அளவு.

2.3 சேவல். பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கும் முட்டைக்கே அது வேண்டும். ஒரு சேவல் எட்டுப் பத்துப் பெட்டைகளுக்குப் போதும். விடியுமுன் கூவும் சேவலே அண்டை வீட்டு மனத்தாங்கலுக்கு முதற்காரணம். வீட்டுக்கொரு சேவல் வைப்பதை விட, கொல்லை அகன்ற ஒரு வீட்டில் மட்டும் சேவல் இருக்க, அடைமுட்டையை அங்கிருந்து பெற்று அடைக்கோழியின் கீழ் வைப்பது சிறந்த ஏற்பாடு. ஓர் அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை. 21 நாளில் குஞ்சு. ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளியில் பார்த்துக் கூமுட்டையை நீக்கிவிட வேண்டும். கோடையில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்கலாகாது.

3. கூடும் தூய்மையும்

பகலில் பஞ்சாரமும் கொடாப்பும் குஞ்சுகளுக்குக் காவல். இரவுக்குத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய கூண்டு தேவை. கோழி ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைச் சதுர அடி என்றால், ஆறுக்கு ஒன்பது சதுர அடி போதும். கீரிக்கும் மரநாய்க்கும் அஞ்சிக் கம்பிவலையின் கண் சிறியதாக இருக்கட்டும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கும். பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊரின் சித்திரை வெயிலில் தகரக் கூரை உயிருக்கே ஆபத்து. கீற்றோ, மரநிழலோ வேண்டும். மண்சட்டித் தண்ணீரை நண்பகலில் ஒருமுறை மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமான தரை ரத்தக்கழிச்சலை வளர்க்கும். அப்போது உமியோ மரத்தூளோ பரப்பி, நனைந்ததை உடனே அள்ளிவிட வேண்டும்.

வெயில் காலத்தில் ஈயின் முட்டை வளர்ந்து ஈயாக ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை எச்சத்தை அகற்றினால் ஈ பெருகும் சுழற்சி அறுபடும். அள்ளியதைக் காய்ந்த சருகோடு கலந்து மூடி மக்கவைத்தால் துர்நாற்றமும் அடங்கும், முருங்கைக்கும் கீரைப்பாத்திக்கும் உரமும் ஆகும். பச்சை எச்சம் செடியைக் கருக்கும்.

4. தீவனம்

தீவனத்தில் செஞ்சிக்கு இயல்பான வசதி உண்டு. நெல் வணிகத்தின் துணைப்பொருளான நொய்யும் தவிடும் எளிதில் கிடைக்கும். கம்பும் கீரைத்தழையும் துணை. புரதத்துக்குக் கரையான் சிறந்தது. பழைய பானையில் நனைத்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு இட்டு, புற்றுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்தால் காலையில் குஞ்சுகளுக்கு வேண்டிய கரையான் சேர்ந்திருக்கும். ஓட்டு வலிமைக்கு நொறுக்கிய கிளிஞ்சல் வைக்கலாம்.

மணிலாப் பிண்ணாக்கில் மட்டும் கண்டிப்பு வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டறிந்தபோதுதான் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. ஈரம் பட்ட பிண்ணாக்கையும் பூஞ்சணச் சோற்றையும் வைக்கவே கூடாது.

5. நோயும் தடுப்பும்

வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயே பெருங்கொல்லி. இன்றைய உத்தராகண்டத்திலுள்ள ராணிக்கெட்டின் பெயர் பெற்ற இந்த வைரஸ் நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நான்காம் வாரத்தில் லசோட்டா என்னும் தடுப்பூசி வகை, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது பொதுவான முறை. கோடைக்கு முன் பிப்ரவரியில் தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை இருவார இலவச முகாம் நடத்துகிறது.

தெரு என்ற அலகு இங்கேதான் இன்றியமையாததாகிறது. தடுப்பூசிக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போடும் அளவில் வருகிறது. கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். குளிர்நிலை தவறினால் வீண். ஆறு கோழி உள்ள வீட்டுக்கு ஒரு குப்பி வீண்செலவு. பதினாறு வீடுகள் சேர்ந்தால் முழுப்பயன். தடுப்பூசி போடாத ஒரு வீடு எஞ்சினாலும் அங்கிருந்து நோய் புகும்.

சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின்பே மற்றவற்றோடு விட வேண்டும். கோழி அம்மையைக் கொசு பரப்புவதால் தேங்கிய நீரை ஒழிப்பதும் தடுப்பில் அடங்கும். இறந்த கோழியைச் சாக்கடையிலோ சங்கராபரணி ஆற்றிலோ எறியாமல் ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். பல கோழிகள் திடீரெனச் செத்தால், கறியாக்க முனையாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்வதே கடமை. 2006இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் தொடங்கிய பறவைக் காய்ச்சல் கற்பித்த பாடம் அது.

6. சட்டமும் அண்டைவீட்டு உறவும்

செஞ்சிக்கே உரிய ஒரு கட்டுப்பாடு உண்டு. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடைசெய்யப்பட்டது. அடுத்த 200 மீட்டர் அனுமதிக்கு உட்பட்டது. கோட்டையை ஒட்டி வாழ்வோர் செங்கல் சிமெண்டில் கூடு எழுப்பாமல், தூக்கி வைக்கும் மரக்கூண்டோடு நிறுத்திக்கொள்வது நலம்.

நாற்றமும் இரைச்சலும் பொதுத்தொல்லை ஆனால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி அதை அகற்ற உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கோழி வாங்குமுன் இரு பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிட்டு, முதல் ஈட்டு முட்டையில் அவர்களுக்கும் பங்கு தரும் வீட்டில் புகார் எழுவது அரிது.

முடிவுரை

ஆறு பெட்டை, தெருவுக்கொரு சேவல், உயர்த்திய சிறு கூண்டு, மூன்று நாளுக்கொரு துப்புரவு, கூட்டுத் தடுப்பூசி: நெருக்கமான பேரூரில் கோழி நிலைக்க இந்த ஐந்தும் போதும். இவற்றுள் சேவலும் தடுப்பூசியும் தனி வீட்டால் நிறைவேற்ற முடியாதவை. ஆகவே கருதுகோள் உறுதிப்படுகிறது. செஞ்சித் தெருக்களில் கோழி வளர்க்கும் பெண்கள் தை மாதத்திலேயே கூடிப்பேசி, தெருவிலுள்ள கோழிகளை எண்ணிக் கால்நடை மருந்தகத்தில் பதிந்து, பிப்ரவரி முகாமில் ஒரே காலையில் எல்லாக் கோழிகளுக்கும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.