ஒரு படத்தின் பொறுப்பு

திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலையருகே மாலை வேளையில் நிற்பவர் எவரும் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். கோட்டைப் பக்கமிருந்து வந்து மேயும் மான்களுக்கும் காற்று வாங்க வந்த குடும்பங்களுக்கும் நடுவே, கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்த இளைஞர்கள். எடுத்த படம் அடுத்த நிமிடமே கடல் கடந்து போய்விடுகிறது. இதில் குற்றங்காண ஒன்றுமில்லை. ஆயினும் அந்தச் சிலையடிக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு படம் எதைச் சாதிக்க வல்லது, அதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை இந்நகரம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை அங்கே கூடியிருந்த நண்பர்கள்மீது முச்சக்கர வண்டியொன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. அதன் பின்னர் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பாதுகாப்புப் படையினரே சுட்டனர் என்று உயிர் தப்பியோரும் உறவினரும் கூறினர். மாணவர்கள் தாமே கொண்டுவந்த குண்டு வெடித்து இறந்தனர் என்பதோ அதிகாரத் தரப்பு முதலில் வெளியிட்ட விளக்கம். ஏழைச் சொல் அம்பலம் ஏறாத நாட்டில் இரண்டாவது கூற்றே ஏட்டில் நிலைத்திருக்கும். அதை நிலைக்கவிடாமற் செய்தவர் ஒரு பிராந்திய நிருபர்.

சுப்பிரமணியம் சுகிர்தராஜன் 'சுடர் ஒளி' நாளிதழின் திருகோணமலைச் செய்தியாளர். பத்திரிகைப் பணி அவருக்குப் பகுதி நேர வேலையே. மாணவர்களின் உடல்களை அவர் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் பத்திரிகையில் வெளிவந்தன. குண்டுவெடிப்புக் கதை நிற்க இடமின்றிப் போயிற்று. பிரேத பரிசோதனையும் சூட்டுக் காயங்களையே உறுதிசெய்தது.

இப்படங்கள் எதனால் வலிமை பெற்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவை அழுகையைக் கிளறுவதற்காகப் பரப்பப்பட்டவை அல்ல. எங்கே, எப்பொழுது, எவருடைய உடல் என்ற விவரங்களோடு, ஒரு குறிப்பிட்ட பொய்யை நோக்கி வைக்கப்பட்ட சாட்சியங்கள் அவை. எடுத்தவர் இன்னார் என்பதும், வெளியிட்ட பத்திரிகை இன்னது என்பதும் ஊரறிந்த செய்தி. தவறிருப்பின் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆளும் ஓர் ஏடும் அவற்றின் பின்னால் நின்றனர். நோக்கமும் ஒழுக்கமும் என்று நாம் சொல்வது இதைத்தான்.

22 நாட்கள் சென்றன. ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்லப் பேருந்துக்காகக் காத்திருந்த சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர் கொலை வழக்கில் கைதான விசேட அதிரடிப்படையினர் 13 பேரையும், போதிய சான்று இல்லையென்று 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகளிற் சிலர் அச்சத்தால் ஏற்கெனவே நாட்டைவிட்டே வெளியேறியிருந்தனர். படம் நீதியைப் பெற்றுத் தரவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெயரில் ஒட்டப்பட்ட பொய்யை அது கிழித்தெறிந்தது. பெற்றோருக்கு அது சிறிய காரியமா?

அதே 2006ஆம் ஆண்டு செப்டம்பரிலேதான் முகநூல் பொதுமக்கள் யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒரு நிருபர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலைக்கான கருவி, பின்வந்த ஆண்டுகளில் மீனவர் கையிலும் மாணவர் கையிலும் வந்து சேர்ந்தது. இது மக்களுக்குக் கிடைத்த பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவி வந்த வேகத்தில் பொறுப்பு வரவில்லை.

இதே கிழக்கு மாகாணத்தின் அம்பாறையில், 2018 பெப்ரவரி இறுதியில் நடந்ததை நினைவுகூர்வோம். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், சாப்பாட்டில் மலட்டு மருந்து கலக்கப்படுவதாக ஒரு கூட்டம் குற்றஞ்சாட்டியது. சிங்களம் சரிவர அறியாத காசாளர், சூழ்ந்து நின்ற கூட்டத்தின் அச்சுறுத்தலில், கேட்டதை ஆமோதித்துவிட்டார். அந்தக் காட்சி ஒளிப்பதிவாகி முகநூலிற் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாவுக் கட்டியே என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. ஆனால் அதற்குள் தீ கண்டி மாவட்டத்துத் திகனைக்குத் தாவிவிட்டது. மார்ச்சில் அவசரகால நிலை பிறந்தது. சமூக ஊடகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் முடக்கப்பட்டன. அவ்வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

அந்த ஒளிப்பதிவும் பொய்யாகப் புனையப்பட்டதன்று. காசாளர் தலையசைத்தது நிகழ்ந்ததே. ஆனால் முன்னும் பின்னும் வெட்டப்பட்டு, மொழி புரியாமையை மறைத்து, கேள்வி கேட்க ஆளின்றி அலைந்த காட்சி அது. ஒரு படம் சாட்சியாவதும் கொள்ளிக்கட்டையாவதும் கருவியினால் அன்று. அதைக் கையாளும் மனிதரின் ஒழுங்கினால்தான். இந்தத் தளங்களோ பார்ப்போரின் எதிர்வினையை எண்ணி எண்ணி, அதிகம் கிளறும் பதிவையே மேலே தூக்கி வைக்கின்றன. நிதானம் அங்கே விலைபோகாத சரக்கு. ஆகவே நிதானத்தை நாமே கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது.

மேலிருந்து ஒழுங்கைத் திணிக்கலாம் என்போரும் உளர். இலங்கைப் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது 2024 ஜனவரி 24ஆம் திகதி. சுகிர்தராஜன் வீழ்ந்து சரியாக 18 ஆண்டுகள் நிறைந்த நாள். எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை, சனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் அச்சட்டம் ஒப்படைத்தது. அப்படியோர் ஆணைக்குழு 2006இல் இருந்திருந்தால், குண்டுவெடிப்புக் கதையைப் பொய் என்றிருக்குமா, சூட்டுக் காயங்களின் படத்தைப் பொய் என்றிருக்குமா? வாசகரே விடை கூறட்டும்.

ஆதலின் ஒழுங்கு உள்ளிருந்தே பிறக்க வேண்டும். இதை நான் கண்ணாற் கண்டேனா? எந்த நாள், எந்த இடம் என்று சொல்ல முடியுமா? எதை நிலைநாட்ட இதை வெளியிடுகிறேன்? எளியவர் எவரேனும் இதனால் தாக்கப்படுவரா? என் பெயரை அடியில் இட்டு நாளை பதில் சொல்வேனா? விரல் பதியுமுன் இவ்வளவு கேட்டால் போதும். ஆசிரியரும் அச்சுப்பிழை திருத்துவோரும் செய்த வேலையை இன்று ஒவ்வொருவரும் தனியே செய்தாக வேண்டும். தேர்வதும், காத்திருப்பதும், வேண்டாததை விலக்குவதும் கலைஞனின் பண்புகள் மட்டுமல்ல. குடிமக்களின் கடமைகளும் ஆகும்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையிற் மீன் வாங்கும் ஊர் இது. நாளும் பொழுதும் சரிபாராத படங்களை நாம் கொட்டிக்கொண்டிருப்போமாயின், மெய்யான படமொன்று வரும் நாளில், அதையும் குப்பை என்று தள்ளிவிடுவது அநீதி செய்தோருக்கு எளிதாகிவிடும். ஜனவரி 2ஆம் திகதி தோறும் அந்தச் சிலையருகே விளக்கேற்றுவோர் உள்ளனர். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய துணை, நம் சாட்சியத்தை நம்பத்தக்கதாக வைத்திருப்பதே.