கற்பிட்டி மணலும் காணி உறுதியும்

புத்தளக் களப்புக்கும் மேலைக் கடலுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஒல்லாந்தர் கோட்டையோடு தொடங்கி அதனோடே முடித்துவிடுதல் வழக்கம். கண்டியரசின் கடல் வாணிகத்தை மறித்தற்பொருட்டு 1667 முதல் 1676 வரை களப்பின் வாயிலிற் கட்டப்பெற்ற அக்கோட்டை சிறப்புடையதே. எனினும், ஆலங்குடா முதலாய கரையோர ஊர்களின் கதையை அறியக் கோட்டையினும் கிணறே உற்ற சான்றாகும்.

இக்குடாநாட்டில் ஆறு இல்லை. மழைநீர் மணலிற் சுவறிக் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டென்பது அறிஞர் கண்ட கணக்கு. மேலே 1 அடி இறங்கின் கீழே 40 அடி போகும் என்பதும் அக்கணக்கேயாம். இந்நீரை இறைத்தே இங்குள்ளோர் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தனர். ஆகவே, காணியின் மதிப்பு கிணற்றைப் பொறுத்ததாயிற்று. உப்புக்காற்று வீசும் கரை மணலிற் பயிர் ஏறாது. கரைவலைக்காரர் அங்கே வாடி அமைத்துப் பாடு என்னும் முறைப்படி தத்தம் இடத்தில் வலை வளைத்தனர். மற்றையோர் அதனைப் பொருட்படுத்திலர்.

பயிர் ஏறாத அம்மணல் யாருக்கு உரியது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும், மறுதலை நிறுவப்படும்வரை, முடிக்குரியன என்று கொண்டது. கற்பிட்டியிற் பிறந்தவரும், 1834இல் இலங்கையின் ஊர்விபர அகராதியை ஆங்கிலத்தில் வெளியிட்டவருமான சைமன் காசிச்செட்டி அக்காலத்தே சட்டநிருபண சபையில் தமிழர் பிரதிநிதியாய் அமர்ந்திருந்தார். தம் ஊர்க் கரைக்கு அச்சட்டம் யாது செய்யும் என அவர் எண்ணியிருப்பாரோ! பின்னர் 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றோர் பயிரிடலாம். விரும்பியவாறு விற்றல் இயலாது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பலர் இக்கரையில் வந்திறங்கித் தோட்டக் கூலியாற் பிழைத்தனர். போர் முடிந்த 2009க்குப் பின்னரோ, 14 தீவுகளையும் உட்படுத்தி அரசு வகுத்த சுற்றுலாத் திட்டம் வேகம் பெற்றது. முன்பு பயிரைக் கருக்கிய தென்மேற்குக் காற்றே இப்பொழுது பட்டத்தைப் பற்றி அலைமேற் சறுக்குவோரை அழைக்கும் செல்வமாயிற்று. ஓங்கில் மீன் காண வருவோரும் பலர். எவரும் வேண்டாத மணலே ஊரில் விலையுயர்ந்த நிலமாகி, விடுதிகளும் கடல்நோக்கிய மாளிகைகளும் எழுந்தன.

கொழும்பின் கறுவாத்தோட்டமும் ஒருகாற் பயிர்நிலமே. இன்று அது செல்வர் குடியிருப்பு. ஆயின், அங்கே கறுவாவை உரித்தோர் நிலத்துக்கு உரியரல்லர், தோட்டம் ஆட்சியாளருடையது. கற்பிட்டியில் நிலைமை சிக்கலானது. பழைய உறுதி உடையவர் விலை பெற்றார். அனுமதிப்பத்திரக்காரர் பார்த்திருந்தார். பாட்டுரிமையோ தலைமுறை வழக்காறன்றி வேறு தாளில்லாதது. கரைக்குச் செல்லும் வழி அடைபடுகின்றது என மீனவர் அமைப்புகள் முறையிட்டதன் காரணம் இதுவே.

இவ்விடத்து உழவரையும் குற்றமற்றவர் எனல் ஆகாது. அளவிறந்த உரத்தால் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்தமை பல ஆய்வுகளிற் கண்ட உண்மை. எனினும், வெங்காயப் பாத்தியும் விடுதியின் நீச்சற் குளமும் உறிஞ்சுவது ஒரே நீரையே. காணியை வேலியிட்டுப் பிரிக்கலாம். மணலின் கீழுள்ள நீரைப் பங்கிட ஓர் உறுதியை எந்த நொத்தாரிசும் இன்னும் எழுதியதில்லை.