கார்ட்

கிட்டார் வாசிப்போர் ஒருங்கே ஒலிக்கும் பல ஸ்வரங்களின் கூட்டுக்கு வழங்கும் 'கார்ட்' என்ற பெயர், தந்தியைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்ததென்று எண்ணத் தோன்றினும், உண்மையில் இசைவு எனப் பொருள்படும் 'அக்கார்ட்' என்பது முதலசை தேய்ந்து நின்ற உருவமேயாகும். குடலையும் குடலாற் செய்த தந்தியையும் குறித்த 'கோர்டே' என்னும் கிரேக்கச் சொல்லோடு இதனை மயக்கிப் பிற்காலத்தார் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு ஹகரத்தை நுழைத்துவிட்டனர். யாழின் தந்தியை நம் முன்னோர் நரம்பென்றது இங்கே நினைவுக்கு வருகிறது. கார்ட் பல ஸ்வரங்களின் கூட்டேயாயினும், கவுண்ட் பேஸியின் ஜாஸ் வாத்தியக் குழுவில் 1937-இல் சேர்ந்து ஏறத்தாழ 50 ஆண்டுகள் கிட்டார் வாசித்த ஃபிரெடி கிரீன், அதனை வாசிக்கையில் ஆறு தந்திகளுள் இரண்டு மூன்றை, சில வேளை ஒன்றை மட்டுமே, பேசவிட்டு, ஏனையவற்றை இடக்கை விரல்களால் அழுத்தாமல் தொட்டு மௌனமாக்கினார். அவ்வாறு தொட்ட தந்தி ஸ்வரம் தராது, வலக்கை வீச்சுக்குத் தாள ஒலி மட்டும் தரும்.