முகப்பின் மஞ்சள்

பழைய பாணியில் இன்று செய்யப்படும் கைக்கடியாரங்களை நேயர்கள் கண்டிருக்கலாம். குவிந்த கண்ணாடி, பழுப்புத் தோற்பட்டை. எண்களோ புத்தம் புதியனவாயினும் மங்கிய மஞ்சள். கண்ணுக்கு இனிய நிறந்தான். அஃது எங்கிருந்து வந்ததென நாம் கேட்பதில்லை.

முதல் உலகப் போரில், அகழிகளில் இருந்த வீரர் இருளிலும் மணி பார்க்க வேண்டியிருந்தது. ரேடியமும் துத்தநாக சல்பைடும் கலந்த ஒளிப்பூச்சு அதற்குப் பயன்பட்டது. அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில், இளம் பெண்கள் அதனை முகப்புகளில் தீட்டினர். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பித்திருந்தனர். தாடையெலும்பு சிதைந்து பலர் மாண்டனர். வழக்காடிய ஐவருக்கு 1928-இல் இழப்பீடு தர நிறுவனம் இசைந்தது.

துத்தநாக சல்பைடு நலிவதால் பூச்சின் ஒளி சில ஆண்டுகளில் அவிந்துவிடும். ரேடியம் பாதியாகக் குறையவோ சுமார் 1,600 ஆண்டுகள் வேண்டும். ஒளியிழந்து முதிர்ந்த அப்பூச்சின் நிறத்தையே இன்றைய கடியாரங்கள் போலி செய்கின்றன. இன்று பெரிதும் தீட்டப்படுவது 1993-இல் ஜப்பானில் உருவான ஸ்டிரான்ஷியம் அலுமினேட் பூச்சு. பிற ஒளியை வாங்கி இருளில் உமிழ்வது, கதிரியக்கமற்றது. அதற்கு இயல்பில் அம்மஞ்சள் இல்லை. நிறமி கலந்தே வரவழைக்கின்றனர். கலக்கக் கலக்க ஒளி சற்றுக் குறைகிறது, அதையும் ஏற்றுக்கொள்கின்றனர்.