ஒரு பாடபேதம் உருவான வீடு

1945 ஆகஸ்ட் 6, இரவு. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஃபார்ம் ஹால் என்றொரு பெரிய வீடு. அதில் பிரிட்டிஷ் காவலில் பத்து ஜெர்மன் விஞ்ஞானிகள். ஹிரோஷிமா செய்தி வருகிறது. வெர்னர் ஹைசன்பெர்க் முதலில் நம்பவில்லை. அணுகுண்டாக இருக்காது, சும்மா கதை விடுகிறார்கள் என்கிறார். வீட்டுக்குள் ஒலிவாங்கிகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

1925இல் குவாண்டம் இயக்கவியலுக்கு வழி திறந்தவர், 1927இல் நிச்சயமின்மைக் கோட்பாட்டைத் தந்தவர் ஹைசன்பெர்க். நாஜிக் கட்சியில் சேராதவர். ஐன்ஸ்டீனின் இயற்பியலைக் கற்பித்தார் என்பதற்காக 1937இல் எஸ்எஸ் பத்திரிகை அவரை 'வெள்ளை யூதர்' என்று ஏசியது. ஆனாலும் நாட்டை விட்டுப் போகவில்லை. யுத்தகாலத்தில் அங்கே யுரேனிய ஆய்வில் முன்னின்றவரும் அவர்தான்.

செய்தி வந்த பிறகு வைட்சேக்கர் சொல்கிறார்: கொள்கையளவில் நாம் விரும்பவில்லை, அதனால்தான் குண்டு செய்யவில்லை. அணுப்பிளவைக் கண்டறிந்த ஓட்டோ ஹான், 'நான் அதை நம்பவில்லை' என்று உடனே மறுக்கிறார். அங்கேயே இருந்த லவே 1959இல் எழுதிய கடிதமொன்றில், சாப்பாட்டு மேசைப் பேச்சில் உருவான இந்த விளக்கத்துக்கு 'லேசார்ட்' என்று பெயர் வைத்தார். சுவடிப் பதிப்பில் நாம் பாடபேதம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். அறநோக்கு எதையும் தாம் கேட்கவில்லை என்றும், ஹைசன்பெர்க் பெரும்பாலும் மௌனமாக இருந்தார் என்றும் அவர் எழுதினார்.

1956இல் ராபர்ட் யுங்கின் நூல் இந்தப் பாடத்தைப் பரப்பியது. 1941 செப்டம்பரில், ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த கோபன்ஹேகனில் ஹைசன்பெர்க் சந்தித்த நீல்ஸ் போஹ்ர் அதைப் படித்துவிட்டு மறுப்புக் கடிதம் எழுதினார், அனுப்பவில்லை. 2002இல்தான் அது வெளிவந்தது. ஹைசன்பெர்க்கின் தலைமையில் ஜெர்மனி அணு ஆயுதம் செய்ய முழுமூச்சாக முனைகிறது என்றே அன்று தமக்குப் பட்டதாக அதில் சொல்கிறார்.

இன்னொரு தடயம் கணக்கு. முதல் இரவில் ஹைசன்பெர்க் குண்டுக்கு ஒரு டன் அளவில் யுரேனியம்-235 வேண்டும் என்கிறார். ஒரு வாரம் கழித்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறார். தெரிந்தே மறைத்தவருக்குத் திருத்த என்ன இருக்கிறது?

அப்படியானால் ஃபார்ம் ஹால் பதிவுதான் மூலபாடமா? அதுவும் இல்லை. ஒலித்தட்டுகளை அழித்துத் திரும்பப் பயன்படுத்திவிட்டார்கள். மிஞ்சியது தேர்ந்தெடுத்த பகுதிகள், பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பில். அதையும் 1992 வரை பிரிட்டன் பூட்டி வைத்திருந்தது. ஒட்டுக்கேட்டவர்கள் குண்டு போட்ட அணியைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மனித நோக்கமும் நிச்சயமற்றதுதானே என்று சமாதானம் சொல்வோருண்டு. நிச்சயமின்மைக் கோட்பாடு துகளின் இடத்தையும் உந்தத்தையும் பற்றியது. பொறுப்பிலிருந்து நழுவ அதில் இடமில்லை. செய்யாமல் போன குண்டைச் செய்ய மறுத்த குண்டாக மாற்ற அவர்களுக்கு ஒரு ராத்திரி போதுமாயிருந்தது. அதே நாளில் ஹிரோஷிமாவில் செத்தவர்களுக்கு அந்த மேசையில் பாடம் எதுவும் இல்லை.