அழைப்புக்குறியும் களப்பெயரும்

கிள்ளான் துறைமுகம் 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, ஆங்கிலேய ஆட்சியாளர் பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரைத் தாங்கியிருந்தது. 1972இல் அரசு அதற்கு ஊரின் பெயரையே சூட்டியது. ஆளின் பெயர் நீங்கி இடத்தின் பெயர் நிலைத்த இந்நிகழ்ச்சியை, துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள பண்டமாரானில் நின்று நோக்கும்போது, வானொலி வரலாற்றிலும் இதற்கு நிகரானதொரு மாற்றம் நேர்ந்திருப்பதைக் காண்கிறோம்.

அமெச்சூர் வானொலியாளர் என்போர் தேர்வெழுதி உரிமம் பெற்று, ஊதியம் கருதாது வானலையில் உரையாடுவோர். உரிமத்தோடு அவர்களுக்கு ஓர் அழைப்புக்குறி வழங்கப்படும். அதன் முதலெழுத்துகள் நாட்டைச் சுட்டவேண்டும் என்னும் முறையை 1927ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாடு வகுத்தது. விடுதலைக்கு முன் மலாயா நிலையங்கள் ‘வி.எஸ்.2’ என்று தொடங்கின. பின்னர்த் தீபகற்பத்துக்கு ‘9எம்2’ வந்தது. சபாவுக்கு ‘9எம்6’, சரவாக்குக்கு ‘9எம்8’.

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுப்பதை மாணவர் அறிவர். அழைப்புக்குறி பெரும்பாலும் இடுகுறியே. உரிமம் யாருடையது என்பதைச் சட்டத்துக்குச் சொல்லும். அவர் எங்கிருக்கிறார், என்ன பணி செய்கிறார் என்பதைச் சொல்லாது. பேரிடர்க் களத்தில் காலையில் ஒருவர் அமர்ந்த நாற்காலியில் மாலையில் வேறொருவர் அமர்வார். அவரோடு அழைப்புக்குறியும் மாறும். ஆகவே ‘படகுத்துறை’, ‘மருத்துவ முகாம்’ என இடத்தாலும் தொழிலாலும் அமைந்த பெயர்களைச் சொல்லி அழைக்கும் வழக்கம் தோன்றிற்று. இவற்றைக் களப்பெயர்கள் என்போம். நன்னூல் கூறும் இடப்பெயரும் தொழிற்பெயரும் இங்கு மறுபிறப்பு எடுத்தன என்றால் மிகையாகாது. சட்டத்துக்குரிய அழைப்புக்குறியையும் இடையிடையே சொல்லியாக வேண்டும். களப்பெயர் அதற்கு மாற்றன்று, துணை.

மெஷ் எனப்படும் வலைப்பின்னலில் இத்தேவை இன்னும் கூடுகிறது. கூரைகளில் வைத்த சிறு கருவிகள் செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று பெற்று அப்பால் அனுப்புகின்றன. ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. ஒருவரிடமே மூன்று கணுக்கள் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே அழைப்புக்குறி. எனவே அமெச்சூர் வானொலியின் ‘ஆரெடன்’ வலைப்பின்னலில் அழைப்புக்குறியை முதலில் எழுதி, சிறுகோடிட்டு, அதன்பின் களப்பெயரைச் சேர்க்கின்றனர். நள்ளிரவில் ஒரு கணு அணைந்துவிட்டால் எந்தக் கூரைக்கு ஏணியைக் கொண்டு செல்வது என்பதை அப்பெயரே சொல்லவேண்டும். நகைச்சுவைக்காக இட்ட பெயர்கள் அப்போது உதவுவதில்லை.

2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. மிகுதியாகத் துன்புற்ற தாமான் ஸ்ரீ மூடா, ஷா ஆலாம் நகரின் நிருவாக வழக்கில் 25ஆம் பிரிவு. மக்கள் நாவில் அது ஸ்ரீ மூடாதான். அங்கே ஒரு கணு வைப்போர் எதைக் களப்பெயராக்குவது? கூவி அழைப்பவர் வாயில் எது முதலில் வருமோ, அதையே என்பது நம் கருத்து. பண்டமாரானிலோ ஊர்ப்பெயர் மட்டும் போதாது. புதுக்கிராமமும் பண்டமாரான் ஜெயாவும் அப்பெயரையே பகிர்கின்றன. பள்ளி, கோயில், சந்தை என ஓர் அடையாளமும் உடன்வேண்டும்.

தமிழில் பெயரிட இயலுமா என்னும் வினா நம்மைப் போன்ற மொழியார்வலர்க்கு இயல்பு. ஆரெடனில் உரோமன் எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டுமே இடம்பெறும். ‘மெஷ்டாஸ்டிக்’ என்னும் மற்றொரு மென்பொருள் தமிழை ஏற்கிறது. மலேசியாவுக்கென 919 மெகாஹெர்ட்ஸ் தேர்வும் அதில் உண்டு. ஆனால் அதன் குறும்பெயருக்கு நான்கு பைட்டுகளே இடம். யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் ‘ப’ மூன்று பைட்டுகள்; ‘பா’ ஆறு. ‘பண்டமாரான்’ முழுதும் முப்பது பைட்டுகள், உரோமன் எழுத்தில் பத்தே. ஆகவே குறும்பெயரில் காலோ கொம்போ புள்ளியோ இல்லாத ஒரே ஒரு தமிழெழுத்துதான் அமரும். நெடும்பெயரில் தமிழை வைத்து, குறும்பெயரில் உரோமன் சுருக்கம் வைப்பதே இப்போதைக்கு இயலும் வழி. அச்சுருக்கம் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதைத் தமிழில் எழுதிய ஒரு தாள், மின்சாரம் போனபின்னும் படிக்கக்கூடியதாய், பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.